காதுள்ள கரை

உள்ளானேந்தல் ஊரில் கல்யாணத்துக்கு மேளம் கிடையாது, சாவுக்குப் பறை கிடையாது, தீபாவளிக்கு ஓர் ஓலைவெடிகூட வெடித்தது கிடையாது. ஏனென்று கேட்டால் கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டுவார்கள். ஐப்பசி பிறந்ததும் கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் பறவைகள் வந்து இறங்கிவிடும். நத்தைகுத்தி நாரை, வக்கா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் என்று மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். முட்டை வைத்துக் குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகள் பறக்கப் பழகுகிற வரைக்கும் ஊர் வாயைத் திறக்காது. மாட்டுக் கழுத்து மணியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கோயில் மணியின் நாக்குக்குத் துணி சுற்றிவிடுவார்கள். செருப்பு பரணுக்குப் போய்விடும். தூரத்தில் போகிற ஆளைக் கூப்பிட வேண்டுமானால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து ஆட்டுவார்கள். இப்படி ஆட்டினால் வா, அப்படி ஆட்டினால் நில். சும்மா சொல்லக்கூடாது, ஒரு பஞ்சாயத்தையே துண்டால் பேசி முடித்துவிடுகிற கெட்டிக்காரர்கள் அந்த ஊரில் இருந்தார்கள்.

திருச்சியிலிருந்து வந்த உமையாளுக்கு முதல் வாரம் தன் காதுதான் அடைத்துக்கொண்டதோ என்று சந்தேகம். அவள் வந்ததோ கண்மாய்க்கரைக்குக் காது வைக்க. வேடிக்கைதான். வந்த இடத்தில் சேவுகன் என்கிறவனைப் பார்த்து, பேசாமலே பழகி, கட்டிக்கொண்டு, கீழத்தெருவிலேயே குடும்பமும் ஆகிவிட்டாள்.

கரைக்கு எதற்குக் காது? அந்தக் காலத்தில் கண்மாயின் மடைக்கதவுகள் யார் கையில் சாவி இருந்ததோ அவர்கள் இஷ்டப்படி திறந்தன, மூடின. செல்வாக்குள்ள ஆள் ஒரு போன் போட்டால் தண்ணீர் அவன் வயலுக்குப் போகும். பறவை நிற்க ஆழம் இருக்காது, மீன் முட்டையிட இடம் இருக்காது. அதனால் கண்மாயை மீனுக்கும் பறவைக்கும் என்று ஒதுக்கியபோது, ஊரே ஒன்றாகச் சேர்ந்து ஒரு கோரிக்கை வைத்தது. மனிதன் கை படாத கதவு வேண்டும் என்றது. அப்படி வந்ததுதான் இந்த ஏற்பாடு. மண்கரைக்குள் கண்ணாடி இழைகளைப் பதித்து, அவற்றை வயலுக்கடியிலும் தெருவுக்கடியிலும் வேர்போலப் படரவிட்டார்கள். மண்ணில் எது அசைந்தாலும் அந்த இழைக்குத் தெரியும். கேட்டதையெல்லாம் சேர்த்து யோசிக்கிற மூளை ஒன்று கரையின் வயிற்றுக்குள் இருந்தது. அதிகாரிகள் அதற்கு ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தார்கள். ஊர் மரியாதையாகக் "காதுக்காரர்" என்றது. பறவைகள் போய்விட்டால் அடுத்த ஐப்பசி வரைக்கும் அவருக்குத் தூக்கம்.

கரைமேல் ஒரு சிறிய அறை. அங்கே இருந்த திரையை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று உமையாளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்மாயும் வயலும் தெருவும் ஒரே படமாக விரிந்தன. உயிர் இருக்கிற இடமெல்லாம் வெளிச்சம். சேற்றுக்குள் புரளும் விரால் ஒரு புள்ளி. கூட்டுக்குள் குஞ்சு கொட்டாவி விட்டால் ஒரு மினுக்கல். வயலில் தவளைகள் கத்தத் தொடங்கினால் வடக்குப் பக்கமே தகதகவென்று ஆகிவிடும். இத்தனை உயிரும் இத்தனை நாளும் நம் காலுக்கடியில்தான் இருந்ததா என்று அவள் வெகுநேரம் அந்த நாற்காலியை விட்டு எழவே இல்லை.

படத்தில் ஒரே ஓர் இடம் மட்டும் கருப்பாக இருந்தது. அது கரைக்குத் தெற்கே இருந்த கீழத்தெரு, ஊர்ச்சனம் முழுக்க இருப்பது அங்கேதான். கூடு வைக்கும் பருவத்தில் ஊர் அவ்வளவு அடக்கமாக இருந்தது. ஊர்த் தலைவரான அம்பலம் வெள்ளைக்கண்ணுவை அழைத்து வந்து அவள் அதைக் காட்டினாள். அவருக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா தாயி, நாம இருக்குறதே தெரியல" என்று மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் படத்தை அச்சடித்துக் கோயில் முகப்பில் மாட்டவும் சொன்னார். வருகிற விருந்தாளிக்கெல்லாம் அந்தக் கருப்பைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். உமையாளும்தான் பெருமைப்பட்டாள். அதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா என்று அவளுக்கோ வேறு யாருக்கோ தோன்றவில்லை. காதுக்காரர் வந்த பிறகு கண்மாய் ஒரு தடவைகூட நிறைந்ததில்லை, அதனால் தோன்றவும் வழியில்லை.

மார்கழியில் புயல் வந்தது.

இரண்டு நாளாகக் கொட்டிய மழை மூன்றாம் நாள் காலையிலும் விடவில்லை. உமையாள் விடிந்ததும் கரைமேல் அறைக்குப் போய்விட்டாள். சேவுகன் வீட்டில் கட்டிலோடு கிடந்தான். கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கூட்டிலேயே வைப்பது அந்த ஊர் ஆண்களின் வழக்கம். அப்படி ஏறிய மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டிருந்தான். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அசையக்கூடாது என்று வைத்தியர் உத்தரவு. பக்கத்து வீட்டு மீனாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அறைக்குள் நுழைந்தபோதே திரையில் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் தாழ்ந்த கிளைகளின் கூடுகளைத் தொடப்போகிறது. உபரியை வெளியேற்ற வேண்டும். வெளியேற்ற வழி இரண்டு. வடக்குக் கதவைத் திறந்தால் வயலுக்குப் போகும், தெற்குக் கதவைத் திறந்தால் கீழத்தெருவுக்குப் போகும். எந்தப் பக்கம் உயிர் குறைவோ அந்தப் பக்கம் விட வேண்டும் என்பதுதான் காதுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே சட்டம். வடக்கே மழைக்குத் தவளைகள் கூட்டம் கூட்டமாகக் கத்தி வயலே பற்றி எரிவதுபோலத் தெரிந்தது. தெற்கே கருப்பு. புயலுக்குப் பயந்து சனங்கள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட அடக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

தெற்குக் கதவு ஒரு விரல்கடை உயர்ந்தது.

ஊருக்கு இருப்பதே ஒரு பாதை, அதுவும் தெற்கு வாய்க்காலை ஒட்டிய பள்ளப்பாதை. அது ஏற்கெனவே மார்பளவு தண்ணீரில் இருந்தது. யாரும் வெளியே வர முடியாது, இவள் உள்ளே போகவும் முடியாது. தெருவின் கடைசியில் ஓட்டு வீட்டுக்குள் சேவுகன் காலில் எடையோடு படுத்திருந்தான். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். நல்லவேளை, செல்போன் கோபுரம் சாய்வதற்கு முன்பு ஓர் அழைப்பு கிடைத்தது. கதவை நிறுத்துங்கள் சார் என்று கத்தினாள். மறுமுனையில் இருந்தவரும் பதறினார்.

"நிறுத்துற மாதிரி எதுவுமே வைக்கலியேம்மா. யாரும் கைவைக்கக் கூடாதுன்னு உங்க ஊருதானே எழுதிக் கேட்டுச்சு? அங்க ஆள் இருக்குன்னு அதுக்கே தெரிஞ்சாத்தான் உண்டு. ஏன் தெரியல? மத்த ஊர்ல எல்லாம் தெரியுதே."

மற்ற ஊர்களில் ஒலிபெருக்கி இருந்தது, சண்டை இருந்தது, பள்ளிக்கூடம் விட்டால் கூச்சல் இருந்தது. இந்த ஊர் பறவைக்காகத் தன்னையே துடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. அதைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

அவள் வெளியே ஓடிவந்து கரையின் நுனியில் நின்று துண்டை ஆட்டினாள். மழைக்குள்ளும் அம்பலம் பார்த்துவிட்டார். தெருவில் நுரைத்துக்கொண்டு வரும் தண்ணீரைக் கவனித்து அவர் தம் வீட்டு மாடியில்தான் நின்றுகொண்டிருந்தார். உமையாள் வாயின் இரு பக்கமும் கையைக் குவித்துக் காட்டினாள். கத்தச் சொல்லுங்கள், எல்லாரையும் கத்தச் சொல்லுங்கள், காதுக்காரருக்குக் கேட்கட்டும்.

அம்பலத்துக்குப் புரிந்துவிட்டது. மரங்களைப் பார்த்தார். பிறகு துண்டை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டினார். மாட்டோம். அதற்குப் பிறகு கையைக் குவித்து மார்போடு சேர்த்துக் காட்டினார். குஞ்சு.

உமையாளுக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாவி மனிதா, தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது, உனக்கு நாரைக்குஞ்சா பெரிதாகப் போயிற்று என்று வாய்விட்டே திட்டினாள். திட்டிக்கொண்டே திரும்பி மரங்களைப் பார்த்தாள். தாய்ப் பறவைகள் இறக்கையைக் கூரையாக விரித்துக் குஞ்சுகளின் மேல் கவிந்திருந்தன. முதுகில் மழை அறைந்துகொண்டிருந்தது. ஒன்றுகூட அசையவில்லை. இப்போது ஓர் ஊரே கூச்சல் போட்டால் அவ்வளவும் எழும்பும். எழும்பித் திரும்பி வருவதற்குள் இந்தக் குளிரில் ஒரு குஞ்சு மிஞ்சாது. அம்பலம் சொன்னது சரி. அது சரி என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை, உட்கார்ந்து அழுதுவிடலாம் போலிருந்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. பறவைக்குக் காற்றில் காது. காதுக்காரருக்கு மண்ணில் அல்லவா காது!

நெல் குத்துவதற்கு ஒரு துண்டாட்டல் உண்டு. அதை ஆட்டினாள், ஊருக்கெல்லாம் என்று சேர்த்து ஆட்டினாள். அம்பலம் தெருவுக்குள் கைகாட்டினார். கதவுகள் திறந்தன. உலக்கையோடும் கடப்பாரையோடும் சனங்கள் கணுக்கால் தண்ணீரில் இறங்கி வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்பலம் கையை இறக்கினார். எல்லா உலக்கையும் ஒன்றாக மண்ணில் இறங்கின. மறுபடி உயர்ந்து, மறுபடி ஒன்றாக இறங்கின. ஒரு பேச்சில்லை. நூறு வருஷம் சேர்ந்து அடங்கிப் பழகிய ஊர், அடிப்பதையும் ஒரே ஆளைப்போல அடித்தது. கரைமேல் நின்ற உமையாளின் உள்ளங்காலுக்கு அந்த அதிர்வு வந்து சேர்ந்தது.

அறைக்குள் ஓடித் திரையைப் பார்த்தாள். கீழத்தெருவில் ஒரு குறி விழுந்திருந்தது. "இயந்திரம்" என்று எழுதியிருந்தது. ஒரே சீராக அடிக்கிற எதையும் மோட்டார் என்று ஒதுக்கிவிட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்களில் இவளும் ஒருத்தி. தெற்குக் கதவு இன்னும் ஒரு சாண் உயர்ந்தது.

மறுபடி நுனிக்கு ஓடினாள். சேர்ந்து அடிக்காதீர்கள், அவரவர் பாட்டுக்கு அடியுங்கள் என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? துண்டை எடுத்தாள், கை அந்தரத்தில் நின்றுவிட்டது. "அவரவர் பாட்டுக்கு" என்பதற்கு அந்த ஊரில் ஆட்டலே கிடையாது. எல்லாரும் வா, எல்லாரும் நில், எல்லாரும் சாப்பிடு, எல்லாம் உண்டு. இது மட்டும் இல்லை. தெருவில் தண்ணீர் முழங்காலைத் தொட்டது. உலக்கைகள் அழகாக, ஒரு பிசகு இல்லாமல், ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கடைசி வீட்டு வாசலில் மீனாள் நின்றுகொண்டு இவளையே பார்த்தாள்.

அப்போது தெருத் தண்ணீரில் ஏதோ வெள்ளையாகப் புரண்டது. கெண்டை. கதவு வழியாக மீன்கள் தெருவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் இந்த ஊருக்குப் பைத்தியம் பிடிக்கும். பங்குனிக்கு மேல் பறவையெல்லாம் போய், கண்மாய் வற்றி, மீன் மட்டும் சேற்றில் நெளியும்போது ஊர் முழுக்கக் கரையில் வந்து நிற்கும். அம்பலம் தலைக்கு மேல் வெள்ளைத் துண்டை ஒரு சுழற்றுச் சுழற்றி வீசி எறிவார். அவ்வளவுதான். மாமன் மச்சான் முறை கிடையாது, பெரியவர் சின்னவர் கிடையாது. விழுந்தடித்துக்கொண்டு இறங்கி, அவரவர் கையில் அகப்பட்ட மீன் அவரவருக்கு.

உமையாள் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றி வீசி எறிந்தாள்.

ஒரு கணம் ஊர் திகைத்து நின்றது. மார்கழியில், புயலில், ஒரு மருமகப் பெண் மீன்பிடிக்குத் துண்டு வீசுகிறாள். கடைக்காரச் செல்லப்பன்தான் முதலில் உலக்கையைப் போட்டுவிட்டுக் கெண்டைமேல் பாய்ந்தான். அவன்மேல் தடுக்கி அவன் சகலை விழுந்தான். அப்புறம் கேட்க வேண்டுமா! பெண்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பிள்ளைகள் சுவரேறிக் குதித்தார்கள். கிழவர்கள் கையை விரித்துக்கொண்டு சேற்றைத் துழாவினார்கள். ஒருவர் ஓடினால் ஒருவர் நின்றார், ஒருவர் எழுந்தால் இருவர் விழுந்தார்கள். அத்தனையும் ஒரு சத்தம் போடாமல். பல்லைக் கடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, பயத்தையும் அடக்கிக்கொண்டு, அந்த ஊர் காலால் மண்ணை உழுது தள்ளியது.

திரையில் கீழத்தெரு மினுங்கியது. ஒரு புள்ளி, பத்துப் புள்ளி, பிறகு எண்ண முடியாமல் பொங்கியது. தவளை வயலெல்லாம் மங்கலாகத் தெரியுமளவுக்கு அந்தக் கருப்பு இடம் வெளிச்சமாயிற்று. உமையாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். மீனாள் ஒரு புள்ளி, செல்லப்பன் ஒரு புள்ளி, மாடித் தரையை மிதித்த அம்பலம் ஒரு புள்ளி. கடைசி வீட்டில் சேவுகனும் கட்டிலில் கிடந்தபடியே கையால் சுவரைத் தட்டியிருக்க வேண்டும், அங்கேயும் ஒன்று மின்னியது. தெற்குக் கதவு நின்றது. சற்று யோசிப்பதுபோல அப்படியே நின்று, பிறகு இறங்கியது. வடக்குக் கதவு முழுக்கத் திறந்துகொண்டது. மரங்களில் ஒரு பறவைகூட எழும்பவில்லை.

வடக்கே போன தண்ணீர் சம்பா வயல்மேல் போயிற்று. பால் பிடித்து நின்ற கதிர் அவ்வளவும் கண்முன்னால் மூழ்கியது. அந்த வருஷத்துச் சாப்பாடு அதுதான். அம்பலம் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவரும் உமையாளைக் குறை சொல்லவில்லை.

மழை விட்டுத் திரையை மறுபடி பார்த்தபோது ஒரு செய்தி காத்திருந்தது. காதுக்காரர் எழுதியிருந்தார்.

"தெற்கே புதிய உயிரினம். கூட்டமாக வாழ்கிறது. குரல் இல்லை. உணவு மீன். குஞ்சுகள் உண்டு. இதுவரை எங்கும் கேட்டதில்லை, மிக அரிது. பாதுகாக்கப்படுகிறது. பெயர் தருக."

உமையாள் மனிதர் என்று எழுதப் போனாள், கை வரவில்லை. மற்ற ஊர் மனிதர்களின் இரைச்சல் அதற்குத் தெரியும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது அது இல்லை, பிழை என்று அழித்துவிட்டால்? வீட்டுக்கு வந்து சேவுகனிடம் சொன்னாள்.

"பேரு போட்டியா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்லங்க."

"போடாத, உமையா. மனுசன்னு தெரிஞ்சா அப்புறம் நம்மளும் சிபாரிசுக்கு வர்ற ஆளுன்னு நெனச்சிருவாரு."

சிரித்தான், இடுப்பு வலித்து உடனே நிறுத்திக்கொண்டான்.

தை மாதம் கடன் வாங்கிய அரிசியில் பொங்கல் வைத்தார்கள். மாசியில் அதுவும் இல்லை. நிவாரணம் வருகிறது வருகிறது என்றார்கள், வந்தபாடில்லை. கண்மாயில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது, ஆனால் குஞ்சுகள் இன்னும் கூட்டில் இருந்தன. அது பறவைக்கான மீன், ஒருவரும் கைவைக்கவில்லை. பிள்ளைகள் மத்தியானத்தில் விளையாடுவதை விட்டுவிட்டு நிழலில் படுத்துக்கிடந்தார்கள்.

ஒரு காலை, யாரும் எதிர்பாராமல் தெற்குக் கதவு திறந்தது. ஊர் அலறிப் புடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. உமையாள் கரைக்கு ஓடித் திரையைப் பார்த்தாள்.

"தெற்குக் கூட்டம். குஞ்சுகள் ஓடுவது குறைந்திருக்கிறது. பசி."

மரத்திலிருக்கிற குஞ்சுகள் பசியில் சோர்ந்தால் காதுக்காரர் செய்கிற வேலை ஒன்று உண்டு. தாய்ப் பறவை அலையாமல் கொத்திக்கொள்ளட்டும் என்று மரத்தடியை ஆழமில்லாத திட்டாக்கி, அங்கே மீனை ஒதுக்கிவிடுவார். அதைத்தான் இப்போதும் செய்திருந்தார். அவள் கீழே இறங்கி வந்தபோது தெருவில் கணுக்காலுக்கும் குறைவாகத் தெளிந்த தண்ணீர் நின்றது. தண்ணீர் முழுக்க மீன்.

யாரும் இறங்கவில்லை. ஒருவர் கையை எதிர்பார்க்காத ஊர் அது. அம்பலம் தண்ணீரின் ஓரத்தில் நின்றுகொண்டு, இது என்ன தாயி என்று கண்ணாலேயே கேட்டார்.

"புள்ளைகளுக்கு விட்டிருக்காரு மாமா" என்றாள் உமையாள்.

பெரியவரின் கண் நிறைந்துவிட்டது. நாரைக்குச் செய்ததை இந்தக் கரை நமக்கும் செய்கிறதே என்று அவர் தமக்குள் முனகியது பக்கத்தில் நின்ற அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு பிள்ளைகளைப் பார்த்து இறங்கச் சொன்னார். அவை சத்தமில்லாமல் இறங்கின.

உமையாள் குனிந்து ஒரு மீனைக் கையில் அள்ளிப் பார்த்தாள். விரல் நீளம்தான் இருந்தது. இன்னொன்றை அள்ளினாள், அதுவும் அதே அளவு. கதவில் சல்லடையை இறக்கிப் பெரிய மீனையெல்லாம் கண்மாய்க்குள்ளேயே நிறுத்திவிட்டு, குஞ்சு வாய்க்குத் தகுந்ததை மட்டும் காதுக்காரர் அனுப்பியிருந்தார்.